பூட்டிய பிரதியும் புழங்கும் பிரதியும்

(றிச்மண்ட் ஹில்லில் நடந்த மாதாந்த இலக்கியச் சந்திப்பில் ஆற்றப்பட்டு, இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம்.)

 

சந்திப்பை ஒழுங்கு செய்யும் தம்பி போன கிழமை தொலைபேசியில் தலைப்புக் கேட்டார். "ஒருகல உயிரிகள்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐயா, அது கவிதைத் தொகுப்போ?" என்று கேட்டார். (சிரிப்பு) இல்லை, அது குளத்துத் தண்ணீரில் இருக்கிற பிராணிதான். ஆனால் இது இலக்கியச் சந்திப்பு என்பதை நான் மறக்கவில்லை. ஏடு, பிரதி, பாடபேதம், அந்தாதி எல்லாம் வரும். கொஞ்சம் பொறுத்திருங்கள்.

இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே இருக்கிற டேவிட் டன்லப் வானாய்வகம் 1935 இல் திறக்கப்பட்டபோது, அதன் 74 அங்குலத் தொலைநோக்கி உலகத்திலேயே இரண்டாவது பெரியது. தூரத்தைப் பார்ப்பதற்கு றிச்மண்ட் ஹில்லுக்கு வந்த காலம் அது. நான் அதே ஊரில் மில் பொண்ட் குளக்கரைக்கு மூன்று போத்தல்களோடு போய்த் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தேன். நாய் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, "குடிக்கவா?" என்று கேட்டா. ஊரில் நாங்கள் வைக்கோலை ஊறவைத்துப் பரமேசியம் வளர்ப்போம். இங்கே வைக்கோலுக்கு எங்கே போக? அவித்த அரிசி நாலு மணியைப் போட்டு வைத்தேன். அரிசியில் பற்றீரியா பெருகும், பற்றீரியாவைத் தின்னப் பரமேசியம் பெருகும்.

ஏன் இந்த வயதில் இந்த வேலை என்று சொல்ல வேண்டும். இரண்டு காரணங்கள்.

ஒன்று, என் பேத்தி. பதினேழு வயது. எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் உன் பூர்வீகம் சொல்கிறோம் என்கிற ஒரு கொம்பனிக்கு அனுப்பியிருக்கிறாள். நிறம் தீட்டிய வரைபடம் ஒன்று வந்தது. அதைத் தொலைபேசியில் நீட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "அம்மப்பா, தமிழ் என்ர ஜீனில இருக்கு. பிறகு ஏன் எனக்குக் கதைக்க வருகுதில்லை?" விளையாட்டுக்கல்ல, உண்மையாகத்தான் கேட்டாள்.

இரண்டாவது காரணம், போன மாதம் இதே மண்டபத்தில் கலந்துரையாடலின்போது ஒருவர் எழும்பி, "பிள்ளையள் மறந்தாலும் பரவாயில்லை, அது எங்கட இரத்தத்தில இருக்கு" என்று சொன்னார். பெரிய கைதட்டல். நானும் தட்டினேன். வீட்டுக்குப் போகிற வழியில், யங் வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் உறைத்தது: இருபத்திரண்டு வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன் எதற்குக் கை தட்டினேன்?

எங்கள் பாடப்புத்தகத் தமிழை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் விஞ்ஞானம் தமிழில் படித்தவர்களுக்குத் தெரியும். ஜீன் என்பதற்குப் பரம்பரையலகு. உயிரினங்களை வகைப்படுத்தும் வரிசை: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். வருணமும் சாதியும்! கலைச்சொல் ஆக்கியவர்கள் கெட்ட நோக்கத்தோடு செய்யவில்லை. கையில் கிடந்த சொற்களை எடுத்தார்கள். ஆனால் காலையில் கரும்பலகையில் "பரம்பரை" என்று எழுதுகிறவன், பின்னேரம் கலியாணத் தரகர் "நல்ல பரம்பரை" என்று சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான் என்று மயங்குவது மிக இலகு. நான் மயங்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது குளத்துக்கு வருவோம்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஆனால் பழைய நுணுக்குக்காட்டிக்கு மின்சாரம் தேவையில்லை, அடியில் ஒரு கண்ணாடி இருக்கும். அதைச் சூரியனுக்குத் திருப்பினால் போதும். பத்து மணி வெயிலில் பிள்ளைகள் வரிசையில் நின்று பரமேசியத்தைப் பார்த்தார்கள். செருப்பின் அடிப்பக்கம் மாதிரி ஒரு வடிவம், உடம்பெல்லாம் பிசிர். நானும் வழக்கமாகப் படம் வரைந்து பெயர் குறிப்பேன்: மாகரு, நுண்கரு. "ஏன் சேர் ரெண்டு கரு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "ஒன்று உணவு, வளர்ச்சி பார்க்கும், மற்றது இனப்பெருக்கம் பார்க்கும், அவ்வளவுதான் பரீட்சைக்குத் தேவை" என்றேன். நல்ல கேள்விக்கு நான் கொடுத்த மோசமான பதில்களில் அது முதல் பத்துக்குள் வரும்.

எங்கள் உடம்பின் கலங்களில் பொதுவாக ஒரு கரு. பரமேசியம் போன்ற பிசிருயிரிகளில் இரண்டு வகைக் கரு. இரண்டிலும் டி.என்.ஏ. நுண்கரு ஒரு பூட்டிய பெட்டி. அதில் முழு ஏடும் இருக்கிறது, ஆனால் அன்றாடம் யாரும் அதைத் திறந்து வாசிப்பதில்லை. சந்ததிக்குக் கொடுப்பதற்காக மட்டும் வைத்திருப்பது. மாகருதான் புழங்கும் பிரதி. தின்பது, நீந்துவது, வளர்வது எல்லாம் அதைப் பார்த்துத்தான் நடக்கிறது. புழங்குவதற்கு ஏற்றபடி பல படிகள் எடுத்து வைத்திருக்கும். பரமேசியத்தில் ஏறத்தாழ 800 படி.

இந்த இரண்டு பிரதியும் ஒன்றல்ல. இதுதான் விஷயம்.

பசி வந்தால், ஏற்ற சோடி கிடைத்தால், இரண்டு உயிரிகள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றின் நுண்கருவும் ஒடுக்கற்பிரிவு அடைந்து, பாதிப் பங்கை மற்றதுக்குக் கொடுக்கும். பிறகு பிரிந்துவிடும். பிள்ளை என்று தனியாக ஒன்று பிறப்பதில்லை. பெற்றோரின் உடம்புக்குள்ளேயே புதிய கரு பிறக்கிறது. அந்தப் புதிய கருவின் பிரதிகளில் ஒன்று நுண்கருவாகவே இருக்கும். இன்னொன்று மாகருவாக மாற வேண்டும். மாறும்போது அது தன் டி.என்.ஏ.யை வெட்டுகிறது, கொட்டுகிறது, ஒட்டுகிறது. பழைய மாகரு இதற்கிடையில் சிதைந்து கரைந்துபோகும். சாயமிட்டுப் பார்த்தவர்கள் இந்தச் சாவை நெடுங்காலமாகவே கண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் 1950களில் பி. ஆர். சேஷாச்சாரும் அவரோடு வேலை செய்தவர்களும் பிசிருயிரிகளின் கருக்களை ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் அந்தச் சாவுக்கு முன் பழைய கரு என்ன செய்துவிட்டுப் போகிறது என்பது அப்போது தெரியாது.

எவ்வளவு வெட்டுகிறது? டெட்ராஹைமினா என்ற உயிரி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொட்டிவிடும். அதன் நுண்கருவில் 5 சோடி நிறமூர்த்தம்; மாகருவில் அவை ஏறத்தாழ 180 துண்டுகள். இந்த உயிரியை எட்டத்தில் தேட வேண்டாம். இங்கிருந்து கொஞ்சத் தூரம், கீல் வீதியில் இருக்கிற யோர்க் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பேள்மன் பல தசாப்தங்கள் இதிலேயே வேலை செய்தவர். 2006 இல் டெட்ராஹைமினாவின் மாகரு ஜீனோமை, அதாவது அதன் முழு எழுத்தையும், வெளியிட்ட குழுவில் அவரும் ஒருவர். எத்தனை முறை அந்த வளாகத்தைத் தாண்டிக் கார் ஓட்டியிருப்போம்!

ஆனால் டெட்ராஹைமினாவை ஒரு நல்ல பிள்ளை என்று சொல்ல வைக்கிற ஒன்று இருக்கிறது. ஒக்ஸிட்ரிக்கா. இது நுண்கரு டி.என்.ஏ.யில் 90 வீதத்துக்கு மேல் எறிந்துவிடும். மிச்சமிருப்பது 225,000க்கும் அதிகமான துண்டுகள். பெட்டியில் அந்தத் துண்டுகள் ஒழுங்காக இருப்பதுமில்லை. ஒரு பரம்பரையலகின் மூன்றாம் துண்டு முன்னால், முதலாம் துண்டு பின்னால், இரண்டாம் துண்டு தலைகீழாக வேறெங்கோ. இவற்றைச் சில நாட்களுக்குள் எடுத்து, திருப்பி, கோத்து, ஏறத்தாழ 16,000 குட்டி நிறமூர்த்தங்களாக ஆக்கிவிடும். பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு பரம்பரையலகு. இப்படிக் கலைந்து கிடக்கும் பரம்பரையலகு ஒன்றை முதலில் 1989 இல் டேவிட் பிறெஸ்கொட் குழு கண்டது. முழுக் கணக்கையும் 2014 இல் லோறா லாண்ட்வெபரின் குழு வெளியிட்டது.

இப்போது இலக்கியக்காரர்களிடம் கேட்கிறேன். கயிறு அறுந்து, ஏடெல்லாம் கலைந்து, இடையில் வேறு சுவடிகளின் ஏடும் புகுந்துவிட்டது. இலக்கமும் இல்லை. எப்படி அடுக்குவீர்கள்?

ஒரு வழி இருக்கிறது, அது அந்தாதியாக இருந்தால். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். ஒக்ஸிட்ரிக்காவும் அப்படித்தான்: முதலாம் துண்டின் கடைசியில் வருகிற சில எழுத்துகள் இரண்டாம் துண்டின் தொடக்கத்திலும் வரும். இதை முதலில் வாசித்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஆனால் இந்த அந்தாதி போதாது. பொருந்தும் பகுதி மிகச் சின்னது. சிலவேளை இரண்டு மூன்று எழுத்துத்தான். "என" என்று முடிகிற பாட்டு எத்தனை, "என" என்று தொடங்குகிற பாட்டு எத்தனை? பிழையாகக் கோப்பதற்கு ஆயிரம் வழி.

அப்போது என்ன செய்வோம்? சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செய்ததுதான். இன்னொரு பிரதி தேடுவோம். அல்லது அந்த நூலைப் பாடம் சொன்ன, வாயிலே வைத்திருக்கிற ஒரு முதியவரைத் தேடுவோம். "ஐயா, இதுக்குப் பிறகு என்ன வரும்?"

ஒக்ஸிட்ரிக்காவில் அந்த முதியவர் பழைய மாகரு. சாவதற்கு முன் அது தன்னிடமிருக்கும் ஒழுங்கான பிரதியை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுத்து விடுகிறது. அந்த ஆர்.என்.ஏ. புதிய கருவுக்குப் போய், இதுக்குப் பிறகு இது என்று காட்டுகிறது. 2008 இல் நோவாக்கியும் லாண்ட்வெபரும் மற்றவர்களும் இதைச் சோதித்தார்கள். ஒழுங்கை வேண்டுமென்றே மாற்றிய ஆர்.என்.ஏ.யைச் செயற்கையாகச் செய்து உட்செலுத்தினார்கள். புதிய மாகரு அந்த மாறிய ஒழுங்கில் கோத்துக்கொண்டது. அடுத்த தலைமுறையிலும் அது தொடர்ந்தது. இன்னொன்றும் கண்டார்கள்: ஆர்.என்.ஏ.யில் ஓர் எழுத்து மாறியிருந்தால், சிலவேளை அந்த மாற்றமும் புதிய டி.என்.ஏ.யில் ஏறிவிடுகிறது. பாடம் சொன்னவரின் பிழை பாடபேதமாக ஏட்டில் ஏறுவது போல.

பெட்டியில் இருக்கிற மூல ஏட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டெட்ராஹைமினா வேறு வழியில் போகிறது. இதை எங்கள் ஒன்ராறியோ ஏரியின் அக்கரையில், றொச்செஸ்டரில், மார்டின் கொறோவ்ஸ்கியின் ஆய்வுகூடத்தில் கசுஃபுமி மொச்சிசுகியும் மற்றவர்களும் 2002 இல் காட்டினார்கள். நுண்கரு தன் எழுத்தைச் சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகளாக வெளியே அனுப்புகிறது. அவை பழைய மாகருவுக்குள் போய் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. "இது உங்களிடம் இருக்கிறதா?" இருக்கிறது என்றால் அந்தத் துண்டின் வேலை முடிந்தது. இல்லை என்றால் அது புதிய கருவுக்குப் போய், "இதை வெட்டு" என்று அடையாளம் வைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒக்ஸிட்ரிக்காவில் இந்தச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகள் நேரெதிர் வேலை செய்கின்றன. அங்கே அவை "இதை வைத்திரு" என்று அடையாளம் வைக்கின்றன. இயற்கைக்கு ஒரே இலக்கணம்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

இதிலே எனக்குத் தூக்கம் கெட்டது ஒரு பரமேசியத்தால். டி48 என்று பெயர். எப்ஸ்டைன், ஃபோர்னி என்ற இருவர் 1984 இல் எழுதியது. பரமேசியத்தின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கும். அதற்கு ஏ என்ற பரம்பரையலகு. டி48 இல் அந்தப் புரதம் இல்லை. பரம்பரையலகு தொலைந்துவிட்டது என்று நினைப்போம். இல்லை. நுண்கருவில், பூட்டிய பெட்டியில், அது பழுதில்லாமல் முழுதாக இருக்கிறது. ஆனால் மாகருவில் இல்லை. பெற்ற உயிரியின் மாகருவில் இல்லாததால் அடுத்த தலைமுறை மாகருவை உண்டாக்கும்போது அது வெட்டப்படுகிறது. அதற்கடுத்த தலைமுறையிலும் அப்படியே. பெட்டியில் இருக்கிறது, ஒருவருக்கும் கிடைப்பதில்லை.

பிறகு வந்த ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். அந்தப் பரம்பரையலகை டி48 இன் மாகருவுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். நுண்கருவைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வந்த தலைமுறையின் புதிய மாகருவில் ஏ இருந்தது. அதற்கு அடுத்ததிலும். ஒரு தலைமுறை புழங்கியது, பெட்டி திறந்தது.

பேத்தியின் கேள்விக்கு இதைச் சொல்லலாமா என்று நான் நிறைய யோசித்தேன். சொல்லவில்லை. தமிழ் டி.என்.ஏ.யில் எந்த எழுத்திலும் இல்லை, பூட்டிய பெட்டியிலும் இல்லை. அந்தக் கொம்பனி செய்வதெல்லாம் அவளுடைய சில எழுத்து வேறுபாடுகளை, தங்களிடமிருக்கும் ஆட்களின் எழுத்துகளோடு ஒப்பிட்டு, எந்தப் பிரதேசத்து ஆட்களோடு கூடப் பொருந்துகிறது என்று சொல்வதுதான். இங்கே பிறந்த சீனப் பிள்ளையைக் கொண்டுபோய் உரும்பிராயில் வளர்த்தால் அது எங்களை விட நன்றாக உரும்பிராய்த் தமிழ் கதைக்கும். பரம்பரையலகு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தலசீமியா பரம்பரையலகால் வருவது, அது வீட்டுக்குள் வந்தால் என்ன பாடு என்று தெரிந்தவர்கள் இங்கே இருக்கலாம். ஆனால் எது எதை டி.என்.ஏ.யின் தலையில் கட்டுகிறோம் என்பதில் ஓர் அளவு வேண்டும்.

பிறப்பைப் பற்றிக் கதைக்கிறபடியால் இன்னொன்று. டெட்ராஹைமினாவில் ஆண் பெண் என்று இரண்டு இல்லை, ஏழு வகை. தன் வகையைத் தவிர மற்ற ஆறில் எதோடும் சேரலாம். (சிரிப்பு) இதை நானியும் கோகீயும் 1953 இல் எழுதினார்கள். பிள்ளையின் வகை பெற்றோரின் வகையைப் பார்த்து வருவதில்லை. ஒரே புணர்வில் உண்டான இரண்டு புதிய மாகருவே இரண்டு வகையாகலாம். அது எப்படி என்று 2013 இல்தான் தெரிந்தது: நுண்கருவில் பல வகைகளுக்கான துண்டுகள் வரிசையாக இருக்கின்றன, மாகரு உண்டாகும்போது வெட்டி ஒட்டி, ஒன்று மட்டும் முழுமையாகிறது. எது என்பது குலுக்கல். கலியாணத் தரகருக்கு இந்தக் குளத்தில் தொழில் கிடையாது.

இவ்வளவு சொன்னதும் ஒருவர் என்னிடம் திருப்பிக் கேட்கலாம். "ஐயா, அந்த உயிரி அந்நியத்தை அடையாளம் கண்டு வெட்டி எறிகிறதுதானே? தூய்மை காக்கிறதுதானே?" கேட்பார்கள், எனக்குத் தெரியும். விஞ்ஞானத்தை வைத்துத் தூய்மை பேசுகிறவர்களுக்கு எதிலும் ஒரு பிடி கிடைத்துவிடும்.

அதனால் வெட்டுகிற கத்தியைப் பார்ப்போம். எறியப்படுகிற டி.என்.ஏ.யில் நிறைய, இடம் விட்டு இடம் பாயும் துண்டுகள், அல்லது அவற்றின் எச்சம். சோளத்தில் இவற்றை முதலில் கண்ட பார்பரா மக்ளின்டொக்குக்கு 1983 இல்தான் நொபெல் பரிசு கொடுத்தார்கள். இவை தம்மைத் தாமே வெட்டியெடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளத் தங்களுக்கென்று ஒரு நொதியம் வைத்திருக்கும். ஒட்டுண்ணி என்றே சொல்லலாம். பரமேசியத்தின் பரம்பரையலகுகளுக்கு உள்ளேயும் இடையேயும் இப்படியான 45,000 அளவு துண்டுகள் செருகிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் ஓர் எழுத்துப் பிசகாமல் வெட்டியெடுக்க வேண்டும். வெட்டுவது எது? 2009 இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். கோவா இலை தின்னும் ஒரு புழுவில் முதலில் கண்ட பாயும் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் உறவான ஒரு நொதியம்தான் பரமேசியத்தின் கத்தி. எப்போதோ வெளியிலிருந்து வந்த ஒட்டுண்ணியின் கத்தி, வீட்டுச் சாமானாகி, இப்போது மற்ற ஒட்டுண்ணிகளை வெட்டுகிறது. அது இல்லாவிட்டால் புதிய மாகரு சரியாக உண்டாகாது, அந்தத் தலைமுறை பிழைக்காது. டெட்ராஹைமினாவிலும் இதே குடும்பத்துக் கத்திதான்.

வெட்டுகிறதே தவிர, பெட்டியிலிருந்து எதையும் எறிவதுமில்லை. ஒட்டுண்ணி, எச்சம், குப்பை எல்லாம் நுண்கருவில் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இதில் தூய்மை எங்கே?

இனி, "இரத்தத்தில இருக்கு" என்றாரே, அந்த இரத்தத்துக்கு வருகிறேன். இரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் செங்குழியம். மனிதரின் முதிர்ந்த செங்குழியத்தில் கருவே கிடையாது. டி.என்.ஏ. எழுதிய ஏடு அங்கே இல்லை. மிச்சம் வெண்குழியங்கள். அவற்றில் நோய் எதிர்ப்புக்கான நிணநீர்க் குழியங்கள் இருக்கின்றனவே, பி என்றும் டி என்றும் சொல்வது, அவை என்ன செய்கின்றன தெரியுமா? பரமேசியம் மாதிரி டி.என்.ஏ.யை வெட்டி ஒட்டுகின்றன. பிறப்பில் கிடைத்த துண்டுகளில் ஒன்றை இங்கிருந்தும் ஒன்றை அங்கிருந்தும் எடுத்து, இடையில் உள்ளதைக் கொட்டி, ஒவ்வொரு குழியமும் தனக்கென்று ஒரு பரம்பரையலகைப் புதிதாகக் கோக்கிறது. இதை பி குழியத்தில் காட்டிய சுசுமு டொனெகாவாவுக்கு 1987 இல் நொபெல். டி குழியத்தின் வாங்கியை உண்டாக்கும் பரம்பரையலகை முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் டாக் மாக், 1984 இல், எங்கள் ரொறன்ரோவில், பிரின்செஸ் மார்கரெட் மருத்துவமனையில் இருந்த ஆய்வுகூடத்தில். இங்கேயும் வெட்டுகிற கத்தி ஒருகாலத்துப் பாயும் துண்டிலிருந்து வந்தது என்றே இன்று பெரும்பாலும் ஏற்கிறார்கள்.

தடிமன் பிடித்து எழும்புகிற ஒவ்வொருவரும், தாய் தகப்பன் கொடுத்த எழுத்தை மாற்றிக் கோத்த குழியங்களால்தான் எழும்புகிறோம். உடம்பில் பிறப்புப் பிரதியை இப்படி வெட்டி மாற்றிக் கோப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் இடம் உண்டென்றால், அது நாங்கள் சத்தியம் செய்கிற அந்த இரத்தத்தில் ஓடுகிற குழியங்கள்தான்.

சொல்வதாகச் சொன்ன கதைக்கு வருகிறேன்.

1986. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த ஒருவர், என் தங்கச்சியைக் கேட்டு வந்தார். தானே வந்தார், தரகர் இல்லை. தங்கச்சிக்கும் விருப்பம். கெட்டிக்காரன், குடிக்க மாட்டார், பிள்ளைகள் அவர் வகுப்பென்றால் முன்வாங்குக்கு அடிபடும். ஐயா அவரை முற்றத்தில் வைத்துத்தான் கதைத்தார். உள்ளே கூப்பிடவில்லை. போன பிறகு சொன்னார்: "பெடியன் நல்லவன்தான். பரம்பரை சரியில்லை." அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று இங்கே ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. அம்மா என்னைப் பார்த்தா. தங்கச்சி என்னைப் பார்த்தா. வீட்டில் படித்தவன் நான். அதுவும் பரம்பரையைப் பற்றியே படித்தவன். அந்தக் கிழமை வகுப்பில் மெண்டலின் பட்டாணி நடத்திக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஆசிரியர் அறையில் அவர் எனக்கு எப்போதும் போல "குட் மோர்னிங்" சொன்னார். நான் பதிலுக்குச் சொன்னேனோ என்பது நினைவில்லை. அந்த வருடமே மாற்றம் கேட்டுப் போய்விட்டார். தங்கச்சி பிறகு கலியாணம் செய்யவில்லை. லண்டனில் இருக்கிறா. இந்த நேரலையின் இணைப்பை அவவுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்க்கிறாவோ தெரியாது.

அந்தக் காலத்தில் இந்த ஆய்வெல்லாம் தெரியாதே என்று என் பெரிய மகன் ஆறுதல் சொன்னான். டி48 வெளியானது 1984. டொனெகாவாவின் சோதனை 1976. தெரிந்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், அதற்கு ஒரு பரமேசியமும் தேவையில்லை. மெண்டலின் பட்டாணியே போதும். பட்டாணிப் பூவின் நிறத்துக்குப் பரம்பரையலகு உண்டு, முற்றத்துக்கும் திண்ணைக்கும் கிடையாது. அது எனக்கு 1986 இலும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தேன்.

நேரம் போய்விட்டதென்று தம்பி கை காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் தேத்தண்ணியோடு கதைப்போம். பின்பக்க மேசையில் ஒரு நுணுக்குக்காட்டி வைத்திருக்கிறேன், மில் பொண்ட் தண்ணீர் ஒரு துளி அதில் இருக்கிறது. இது விளக்குப் பூட்டியது, வெயில் தேவையில்லை. பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும். என் பேத்தி அங்கே நிற்பாள், எப்படிக் குவியப்படுத்துவது என்று காட்டுவாள். தமிழில் கேளுங்கள், விளங்கும், மெதுவாகப் பதில் சொல்லுவாள். அரிசி போட்டு ஆறு நாளாகிறது, அவைக்கும் சாப்பாடு முடிகிற நேரம். அதனால் இரண்டு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே நீந்துவதைக் கண்டால் தட்டை அசைக்காதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள்.